இரண்டாவது கில்ன்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. ஆனால் ஆபீஸ் எங்கள் மாடிதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, "என் ஸ்கிரீன் தெரியுதாங்க?" என்று யாரையோ கேட்பாள். தெரிகிறது என்று பதில் வந்த பிறகுதான் மேலே பேசுவாள். போன மாதம் தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்லப் போனபோது, இது எனக்கும் பழக்கமான கேள்விதான் என்றேன். "உங்க காலத்துல இதெல்லாம் ஏது அங்கிள்?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மோட்டார் சமாசாரத்தை அப்படியே மறந்துவிட்டுக் கீழே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

இருந்தது, அம்மா. எண்பதுகளின் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இருந்தது. ஓரிடத்தில் கம்ப்யூட்டரில் ஓடும் படத்தை அரைக் கிலோமீட்டர் தள்ளி வேறொரு திரையில் காட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் என்று அந்த ஆலையில் இரண்டு பேர். ஒருவர் ஜப்பார் சார். இன்னொருவன் நான். கறாராகச் சொன்னால் ஒன்றேகால் பேர்.

நான் அடிப்படையில் வே பிரிட்ஜ் குமாஸ்தா. சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறும், எடையைச் சீட்டில் எழுதுவேன், இறங்கும். நாலு வருஷம் இதுதான். டைப்பிங் பாஸ் பண்ணியிருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காகப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் பிரிவுக்கு என்னைத் தூக்கிப் போட்டார்கள். திருச்சியில் மூன்று மாதப் பயிற்சி. அதில் பாதி நாள் கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கிற நாளில் வாத்தியார் இருக்கமாட்டார். யூனிக்ஸ் என்ற பெயரையும், பயிற்சி மையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலின் ரவா தோசையையும் தவிர அங்கே நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

கற்றது ஜப்பார் சாரிடம். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். தினமும் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து பஸ் மாறி ஆலைக்கு வருவார். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைப்பார். அது அன்றைக்கு எல்லோருக்கும் சட்டம். சிமெண்ட் தூசி உள்ளே போனால் மிஷின் செத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே வந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். கீபோர்டைத் தொடவே மாட்டார். நான் தொடவேண்டும், அவர் பார்க்கவேண்டும். ஏதாவது கெட்டுப்போய் நான் பதறிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"எது வேலை செய்யலன்னு சொல்றதுக்கு ஊரே இருக்கு. எது வேலை செய்யுதுன்னு நீ சொல்லு."

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து கேள்விகளை எழுதி மாட்டி வைத்திருந்தார். படம் எங்கே ஓடுகிறது? எங்கே தெரியவேண்டும்? நடுவில் வழி இருக்கிறதா? அந்த வாசலில் உள்ளே விடுவார்களா? கடைசிக் கேள்வி: போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாயா? படம் காட்டும் வேலையில் எந்தக் கோளாறு வந்தாலும் வரிசையாக இந்த ஐந்தையும் கேட்டாக வேண்டும். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகக் கூடாது.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று வந்தபோது ஜப்பார் சார் பஸ் ரூட்டிலிருந்து எடுத்தார். படத்தை ஓட்டும் பெரிய மிஷினுக்கு அரியலூர். கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர்கள் பார்க்கும் திரைக்குச் செந்துறை. ஜி.எம். அறைக்குப் புதிதாக வந்த திரைக்குப் பாடாலூர். ஜி.எம்.முக்கு இதில் வருத்தம். "எனக்குப் போய் ஏன்யா பாடாலூரு? திருச்சின்னு வச்சா ஆகாதா?" என்றார். "சார், பாடாலூர் மெயின் ரோட்டுல இருக்கு. மெட்ராஸ் பஸ்ஸு அங்க நிக்கும்" என்றார் ஜப்பார் சார் முகம் மாறாமல். ஜி.எம்.முக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜி.எம். தன் மேஜையிலிருந்தே கில்னைப் பார்க்க ஆசைப்பட்டார். கில்ன் என்பது சூளை. சாய்ந்து படுத்துக்கொண்டு உருளும் ராட்சதக் குழாய், உள்ளே நெருப்பு. சிமெண்ட் ஆலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கண்ட்ரோல் ரூம் திரையில் கலரில் படமாக ஓடும். அதே படம் பாடாலூரிலும் ஓடவேண்டும். மஞ்சள் நிறத்தில் தடியான கேபிளை மண்ணைத் தோண்டிப் புதைத்துக் கொண்டு வந்துவிட்டோம். முதல் நாள் பெரிய மிஷினில் கட்டளை கொடுத்தால், 'திரையைத் திறக்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

ஜப்பார் சார் காலண்டர் தாள்படி போனார். வழி இருந்தது. நாலாவது கேள்வியில் மாட்டியது. இந்த வகைத் திரை வெளி மிஷினை லேசில் உள்ளே விடாது. பாடாலூரில் உட்கார்ந்து, 'அரியலூர் என்கிற மிஷின் என் திரையில் படம் போடலாம்' என்று ஒரு கட்டளையால் அனுமதி கொடுக்கவேண்டும். இதை ஜி.எம்.மிடம் விளக்கினோம். அனுமதி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மேஜையில யார் படம் போடணும்னு நான்தானே உத்தரவு போடணும்?" என்று ஸ்டெனோவைக் கூப்பிட்டு, அரியலூர் கம்ப்யூட்டருக்கு அனுமதி வழங்கி மூன்று பிரதியில் ஆபீஸ் ஆர்டர் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஜப்பார் சார் அதை பவ்யமாக வாங்கி ஃபைலில் வைத்தார். வெளியே வந்து என்னிடம், "ஐயா உத்தரவு போட்டாச்சு. அத மிஷினுக்கும் ஒரு வார்த்த சொல்லிடு" என்றார். நான் போய் கட்டளையை அடித்தேன். அதன் பிறகு சோதனைக்கு ஒரு கடிகாரப் படத்தை அனுப்பினோம். பாடாலூரில் கடிகாரம் வந்தது. ஜி.எம். அதைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு நிமிஷம் ஸ்லோ என்றார்.

கில்ன் படத்தைக் கொண்டு வருவது மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில் ஜப்பார் சாருக்கு மகள் நிக்காஹ். "இன்ஷா அல்லா வியாழக்கிழமை வந்துடுவேன். மிச்சம் இருக்குறது உனக்கே ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை டைரக்டர் வருகிறார், அவர் வரும்போது மேஜையில் கில்ன் ஓடவேண்டும் என்றார். "ஓடலன்னு வச்சுக்க, மறுநாளு நீ வே பிரிட்ஜுலதான் உக்காந்திருப்ப. லாரிய எண்ணிக்கிட்டு இரு."

வே பிரிட்ஜ் ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. திருமானூரில் பெண். பெயர் கஸ்தூரி. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். காபி டம்ளரைக் கொடுக்கும்போது, "கம்ப்யூட்டர்னா என்ன பண்ணுவீங்க?" என்று நேராகக் கேட்டாள். நான் ஏதோ உளறினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்தப் பெண்ணையும் பிடிக்காது என்று ஆகிவிட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை பரிசம் போடுவதாகப் பேச்சு. மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் இருக்கிறார் என்பதுதான் அந்த வீட்டுக்கு நான் போட்டிருந்த ஒரே நகை. இந்த இடத்தைக் கொண்டு வந்தவர் பெண்ணின் சித்தப்பா கலியமூர்த்தி. அவர் எங்கள் ஆலையிலேயே கில்ன் ஆபரேட்டர், கண்ட்ரோல் ரூமில் காலை ஷிப்ட். பேச்சு முடிவதற்கு முன்பே ஆலை முழுக்கக் கேட்கிற மாதிரி என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் நன்றாகவும் இருக்கும்.

திங்கட்கிழமை பாடாலூர் முன்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்தே பெரிய மிஷினுக்குள் நுழைந்து, படம் பாடாலூரில் தெரியவேண்டும் என்று சுத்தமாக அடித்து, கில்ன் படத்தைக் கிளப்பும் ஃபைலை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. பிழை என்றுகூட ஒரு வரி இல்லை. திட்டினாலாவது என்ன குற்றம் என்று தெரியும், வாயே திறக்காதவனை என்ன செய்வது? மறுபடி ஓட்டினேன். பிறகு இன்னொரு தடவை. சாப்பிட்டுவிட்டு வந்து மேலும் இரண்டு தடவை. கடிகாரத்தை அனுப்பினால் சமர்த்தாக வருகிறது. கில்ன் வரமாட்டேன் என்கிறது. படம் பெரியது, கேபிள் தாங்கவில்லை என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் காரணத்தின் பின்னால் போனேன். எலக்ட்ரிகல் ஆட்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு கேபிள் போகும் வழியெல்லாம் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒரு இடத்தில் எலி கடித்த அடையாளம் இருந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அது கேபிளைக் கடிக்கவில்லை, பக்கத்தில் கிடந்த தேங்காய் மட்டையைத்தான் கடித்திருந்தது. தலை முதல் கால் வரை சாம்பல் நிறமாக ஜி.எம். அறைக்குத் திரும்பி வந்தேன். ஐந்து தடவை ஓட்டினேன். ஜி.எம். ஃபைலிலிருந்து தலை தூக்காமல், "லாரி என்ன கலருன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தச் செய்தி கேண்டீனுக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. அன்று மதியம் கலியமூர்த்தி என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்.

புதன்கிழமை சார் ஆகிவிட்டேன். ஷிப்ட் முடிந்து சாப்பிட வந்தவர், எனக்கு எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணன் நேத்து கேட்டாரு. ஞாயித்துக்கிழமைய கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமான்னு. பையன் எந்த வேலையில இருக்கான்னு தெளிவாயிட்டா நல்லதுன்னு நெனக்கிறாரு. தப்பா எடுத்துக்காதீங்க சார்."

"வந்துடும் மாமா. நாளைக்குள்ள படம் வந்துடும்."

"வந்தா சந்தோஷந்தான். என் பாடே இங்க சரியில்ல. மூணு நாளா திரையில என்னென்னமோ வந்து வந்து நிக்குது. அத வெரட்டுறதுக்கே நேரம் சரியா இருக்கு."

இந்தக் கடைசி வரியை அவர் சொன்னார். என் காதிலும் விழுந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளி வைப்பது பற்றிய வரியிலேயே என் மனசு நின்றுவிட்டதால் நான் அதைக் கேட்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டுரை அந்த இடத்திலேயே முடிந்திருக்கவேண்டும். என் மண்டைக்கு அது எட்டவில்லை. சாப்பாடு இறங்காமல் எழுந்துபோய் சாயங்காலம் வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஜப்பார் சார் மஸ்கோத் அல்வா டப்பாவோடு வந்தார். நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பே, வழக்கம்போல நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டார். அது அவருடைய பழக்கம். அங்கே ஒரு டீ குடித்தபடி ஷிப்ட் நோட்டைப் படிப்பார். கண்ட்ரோல் ரூமில் நடப்பதையெல்லாம் ஆபரேட்டர்கள் நேரம் போட்டு அந்த நோட்டில் எழுதுவார்கள். ஷிப்ட் மாறும்போது 'அடுத்த ஷிப்ட் கவனத்திற்கு' என்று கீழே எழுதி வைப்பார்கள். வந்தவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். கில்ன் நின்றால் ஒழிய ஆபீஸ் பக்கத்திலிருந்து யாரும் அந்த நோட்டைத் திறப்பதில்லை. ஜப்பார் சார் மட்டும், தாம் இல்லாத நாட்களையும் சேர்த்து வரி விடாமல் படித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

பத்து மணிக்கு ஜி.எம். அறையில் எனக்கு இண்டர்காம் வந்தது. "கண்ட்ரோல் ரூமுக்கு வா. மெதுவா வா, ஓடி வராத" என்றார். ஓடித்தான் போனேன். கலியமூர்த்தி திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். சார் நோட்டை என் பக்கம் திருப்பி, சத்தமாகப் படி என்றார். படித்தேன்.

"திங்கள் 10.15. திரையில் இரண்டாவது கில்ன் வந்தது. அகற்றினேன். 10.40. மீண்டும் இரண்டாவது கில்ன். அகற்றினேன். 11.05. மீண்டும். அகற்றினேன். அடுத்த ஷிப்ட் கவனத்திற்கு: இரண்டாவது கில்ன் வந்தால் உடனே அகற்றவும்."

கீழே மதிய ஷிப்ட் ஆபரேட்டரின் கையெழுத்து இருந்தது. அவரும் இரண்டு தடவை அகற்றியிருந்தார். செவ்வாய் ஐந்து. புதன் பக்கத்தைத் திருப்பினால் நேரங்கள் மட்டும் வரிசையாக, எதிரே 'மேற்படி' என்பதற்கான இரட்டைக் குறிகள். கடைசியில், "தொடர்ந்து வருகிறது. சளைக்காமல் அகற்றப்படுகிறது."

அத்தனையும் நான் படத்தை ஓட்டிய நேரங்கள். ஜப்பார் சார் சிரிக்கவே இல்லை.

"கலியமூர்த்தி, நம்ம ஃபேக்டரியில எத்தன கில்னு?"

"ஒண்ணுதாங்க சார்."

"அப்ப ரெண்டாவது எங்கேருந்து வருது?"

"அதத்தாங்க சார் நானும் யோசிச்சேன். ஒரு கில்னுக்கு ரெண்டு படம் வந்தா ஒண்ணு பொய்யாத்தானே இருக்கணும்? பின்னாடி வந்ததுதான் பொய்யின்னு, மவுஸால பிடிச்சு அழிச்சுட்டேன். அசலு மறைஞ்சு போயி சூடு ஏறுறது தெரியலன்னா யாருங்க பதில் சொல்றது?"

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்ற ஜப்பார் சார், என்னைப் பார்த்து, "பெரிய மிஷின்ல போயி ஒரு தடவ ஓட்டு. பாடாலூருக்குன்னுதான் அடிக்கணும்" என்றார். பக்கத்து அறைதான். போய் அடித்து, ஓட்டிவிட்டு, கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். செந்துறைத் திரையில், ஓடிக்கொண்டிருந்த கில்ன் மேலேயே அச்சாக இன்னொரு கில்ன் வந்து உட்கார்ந்தது. கலியமூர்த்தியின் கை தானாக மவுஸுக்குப் போயிற்று. "தொடாதீங்க!" என்று மூன்று நாள் ஆத்திரத்தையும் சேர்த்துக் கத்தினேன். வருங்கால மாமனார் வீட்டு மனிதரிடம் நான் முதன்முதலாகக் குரல் உயர்த்தியது அப்போதுதான்.

"படத்தக் கெளப்புற ஃபைல நீ எழுதுனியா?" என்றார் சார்.

"இல்ல சார். மிஷின் வச்சுக் கொடுக்க வந்த இன்ஜினியர் கண்ட்ரோல் ரூமுக்கு எழுதுனது. காப்பி எடுத்துப் பேர மட்டும் மாத்திக்கிட்டேன்."

"தொறந்து வரிவரியாப் படி."

ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை நான். முதல் வரி, இரண்டாம் வரி சாதாரணம். மூன்றாம் வரி: படம் தெரியவேண்டிய இடம், செந்துறை. நான் எத்தனை தடவை பாடாலூர் என்று அடித்தாலும், ஓட ஆரம்பித்த மறுகணம் இந்த வரி அதை அழித்துவிட்டுச் செந்துறை என்று எழுதிக்கொண்டிருந்தது. நாலாம் வரி இன்னும் மோசம். ஏதாவது பிழைச் செய்தி வந்தால் யார் கண்ணுக்கும் காட்டாமல் குப்பையில் போடு என்றது. ஆபரேட்டர்கள் பயப்படக் கூடாது என்று அந்த இன்ஜினியர் செய்த உபகாரம். அதனால்தான் கலியமூர்த்தி அழிக்கும்போதெல்லாம் என் பக்கம் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

"பாடாலூருக்கு டிக்கெட் எடுத்துட்டு செந்துறை பஸ்ஸுல ஏறி உக்காந்திருக்க" என்றார் ஜப்பார் சார். "கடைசிக் கேள்வியக் கேட்டியா?"

"போய்ச் சேரலன்னு கண்ணாலயே பாத்தேனே சார்."

"இங்க வரலன்னு பாத்த. எங்க போச்சுன்னு பாக்கல."

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. என் எதிரில் இல்லாத படம் உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். என் படம் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் வரியில் ஊரை மாற்றினேன், நாலாம் வரியை எடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. பாடாலூரில் கில்ன் வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகச் சுழன்றது.

பதினொரு மணிக்கு டைரக்டர் வந்தார். ஜி.எம். குச்சியை வைத்துக்கொண்டு படத்தைக் காட்டினார். டைரக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே, முழு நீளத்துக்கும் நிஜக் கில்ன் உருண்டுகொண்டிருந்தது. "இங்கேருந்தே நல்லா தெரியுதே" என்றார். ஜி.எம். முகத்தை நான் பார்க்கவில்லை. நான் சிரித்துவிடாதபடி ஜப்பார் சார் என் காலை மிதித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அந்த ஜன்னலுக்குக் கனமான பச்சைத் திரைச்சீலை வந்துவிட்டது. யாரும் என்னிடம் லாரியின் கலரைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. கத்தியதிலிருந்து கலியமூர்த்தி என்னிடம் பேசவில்லை. அவருக்கு வேறு பயமும் இருந்தது. மூன்று நாள் தடங்கலுக்குக் காரணத்தை, டைரக்டர் போன கையோடு ஜி.எம். எழுத்தில் கேட்டிருந்தார். நோட்டைக் காட்டினால் மெமோ வரப்போவது கண்ட்ரோல் ரூமுக்குத்தான். நான் பதில் எழுதினேன்: ஃபைலைப் படிக்காமல் நகல் எடுத்தது என் தவறு, கண்ட்ரோல் ரூம் ஊழியர்கள் தம் கடமையைச் செய்தார்கள். ஜப்பார் சார் ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இதை எழுதியது வீரம் என்று நினைக்காதீர்கள். அது அப்படியே உண்மை. திருமானூர் என்ன சொல்லுமோ என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜப்பார் சாரோடு நானும் கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். இனிமேல் அந்த நோட்டைத் தினமும் படிப்பது என்று முடிவு செய்திருந்தேன். கலியமூர்த்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முந்தின நாள் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய குண்டு குண்டான கையெழுத்து.

"வியாழன் 11.20. இரண்டாவது கில்ன் வரவில்லை. மாப்பிள்ளை சரிசெய்துவிட்டார். அடுத்த ஷிப்ட் கவனத்திற்கு: ஞாயிறு காலை திருமானூரில் மாப்பிள்ளைக்குப் பரிசம். தவறாமல் வரவும்."

அதற்குக் கீழே மதிய ஷிப்ட் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. இரவு ஷிப்டும் போட்டிருந்தது. ஜப்பார் சார் பேனாவைத் திறந்து, பச்சை மையில் தன் கையெழுத்தையும் போட்டார்.